ஒன்பதாம் படி குறித்த இறுதி அறிக்கை

"ஒரு சாக் குடு. நாளைக்குப் புதுசு வாங்கித் தந்துடறேன்."

இரண்டு வருஷமாக ஒவ்வொரு காலையும் அவர் இப்படித்தான் கேட்டுவந்தார். அந்த நாளை ஒருநாளும் வந்ததில்லை.

"துணியில கோடு போடற சாக்கையெல்லாம் இரும்புல தேய்ச்சே தீர்த்துட்டீங்க. இனிமே நான் எதை வச்சு அளவு போடறது? உங்க மூக்கை வச்சா?"

"என் மூக்கு கோணல். சட்டையும் கோணலாப் போயிடும்."

அவள் ஒரு நீல சாக்கைப் பாதியாக ஒடித்து நீட்டினாள். முழுசைக் கொடுக்க மனம் வரவில்லை. அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, "வரேன்" என்றார். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்ததால் தலையைத் தூக்கவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னாள்.

தெருவில் அவரைச் சாவிக்காரர் என்பார்கள், அவளைத் தையலக்கா. சாவி, சமுதாயக் கூடத்தின் சாவி. மூடிக் கிடந்த வார்ப்படத் தொழிற்சாலைக்கும், லிப்ட் செத்துப் பதினோரு வருஷமான அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் நடுவே, ஒரு பழைய கிடங்கைக் கூடம் என்று பெயர் மாற்றி வைத்திருந்தார்கள். தொழிற்சாலை மூடியபோது வேலை போனவர்களில் அவரும் ஒருவர். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைவிடக் கூடத்துச் சுவருக்கு வெள்ளையாவது அடிக்கலாம் என்று போனவர், அங்கேயே பொறுப்பாளர் ஆகிவிட்டார். கீழ்த்தளத்தில் நாலு பேப்பர், ஒரு நீள மேசை, விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஒரு நாற்காலி. மேலே எட்டுத் தையல் மெஷின். அதில் தைத்துப் பழகிய பெண்கள் முப்பது பேராவது இன்று சொந்தக் காலில் நிற்கிறார்கள். கற்றுக்கொடுத்தது தையலக்கா. மெஷின்களுக்கு எண்ணெய் போட்டது சாவிக்காரர்.

கட்டடத்துக்குச் சொந்தக்காரர், சமூக முன்னேற்ற மேம்பாட்டு வளர்ச்சி இயக்ககம். முன்னேற்றம், மேம்பாடு, வளர்ச்சி மூன்றும் ஒன்றுதானே என்று சாவிக்காரர் ஒருமுறை கேட்டுவிட்டார். மூன்றும் மூன்று பிரிவுகள், மூன்றுக்கும் தனித்தனி மாடி, ஒரு பிரிவு இன்னொரு பிரிவோடு பேசுவதில்லை என்று பதில் வந்தது.

மேல் மாடிக்குப் போக, வெளிச்சுவரை ஒட்டி ஓர் இரும்புப் படிக்கட்டு. பதினாறு படி. கீழேயிருந்து ஒன்பதாவது படியில் ஒரு பக்கம் வெல்டிங் விட்டுப்போய், மிதித்தால் விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

சாவிக்காரர் இயக்ககத்துக்கு எழுதினார். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. "எமது ஆவணங்களின்படி மேற்படி கட்டடம் ஒரே தளம் கொண்டது. எனவே அங்கே படிக்கட்டு இருக்க வாய்ப்பில்லை. இல்லாத படிக்கட்டைப் பழுதுபார்க்க விதிகளில் இடமில்லை." அவர் படிக்கட்டைப் படம் பிடித்து அனுப்பினார். இல்லாத படிக்கட்டைப் படம் பிடிக்க யார் அனுமதி கொடுத்தது என்று விளக்கம் கேட்டார்கள்.

பதினோராவது கடிதத்துக்கு ஒரு பொறியாளர் நேரில் வந்தார். படிக்கட்டுக்கு எதிரே குடை பிடித்து நின்று, அரை மணி நேரம் அதை அண்ணாந்து பார்த்தார்.

"மிதிச்சுப் பாக்கலையா சார்?" என்றார் சாவிக்காரர்.

"மிதிக்கறதுக்கு வேற பிரிவு" என்றார் பொறியாளர்.

அவருடைய அறிக்கையிலிருந்து புதிதாக ஒரு சிக்கல் கிளம்பியது. ஒன்பதாம் படி என்றால் கீழேயிருந்து ஒன்பதா, மேலேயிருந்து ஒன்பதா? கீழேயிருந்து எண்ணினால் அது ஒன்பது. மேலேயிருந்து எண்ணினால் எட்டு. இயக்ககம் எந்தத் திசையில் எண்ணும் என்பது கொள்கை முடிவு. அதற்கு ஒரு குழு போட்டார்கள். குழு இரண்டு முறை கூடி, அடுத்து எப்போது கூடுவது என்று முடிவெடுக்க ஒரு துணைக்குழு போட்டது.

தெருமுனை வெல்டிங் பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, அஞ்சு நிமிஷ வேலை. மெஷினைத் தூக்கிட்டு வந்து ஒரு பொட்டு வச்சுட்டுப் போறேன். ஒரு டீ வாங்கிக் குடு, போதும்."

இந்தச் சேதி எப்படியோ இயக்ககத்துக்குப் போய், மூன்றே நாளில் கடிதம் வந்தது. அத்தனை வேகமாக அங்கிருந்து வந்த ஒரே கடிதம் அதுதான். "இயக்ககத்தின் சொத்துக்கு அனுமதியின்றி நன்மை செய்வதும் சேதம் விளைவித்ததாகவே கருதப்படும். மீறினால் கூடம் மூடப்படும்." சாவிக்காரர் மெமோவுக்குப் பயப்படுகிறவர் அல்ல. கூடம் மூடப்படும் என்ற இரண்டு சொல்லுக்குத்தான் பயந்தார். அதனால்தான் சாக். தினமும் காலையில் ஒன்பதாம் படியில் நீலத்தில் ஒரு பெருக்கல் குறி. அதைப் பார்த்ததும் எட்டிலிருந்து பத்துக்குத் தாவிவிட வேண்டும் என்பது தெருவுக்கே தெரியும்.

அன்று காலை அவர் குறியைப் போட்டுவிட்டுக் கீழே வந்தபோது, இயக்ககத்தின் எழுத்தர் தணிக்கைக்காக வந்து மேசையில் உட்கார்ந்திருந்தார். பதினாலு பதிவேடு வேண்டும் என்றார். கூடத்தின் பதிவேடுகளை மேல் மாடியில்தான் வைக்க வேண்டும் என்பது இயக்ககத்தின் உத்தரவு. வெள்ளம் வந்தால் நனையக் கூடாதாம். பக்கத்தில் ஆறு கிடையாது.

"பாதியை இப்ப எடுத்துட்டு வரேன் சார். மீதியை அடுத்த நடையில..."

"ரெண்டு நடை நடந்தா நான் ரெண்டு பதிவு போடணும். ஒரே தடவையாக் கொண்டாங்க."

பதினாலு பதிவேட்டை அடுக்கித் தூக்கினால் மோவாய் வரைக்கும் வரும். அதற்குமேல் ஒருவனுக்குத் தன் காலும் தெரியாது, காலுக்குக் கீழே போட்ட நீலக் குறியும் தெரியாது.

பட்டறைக்காரர் ஓடிவந்து சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவள் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. எழுத்தர் பதின்மூன்று பதிவேட்டைத் தூசி தட்டி மேசையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். பதினாலாவது, கீழே விழுந்து கிடந்த சாவிக்காரரின் முதுகுக்கு அடியில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சட்டையையும் சாவிக்கொத்தையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். சட்டைப் பைக்குள் நீல சாக் ஒடியாமல் இருந்தது.

ஏழாம் நாள் வீட்டுக்கு இரண்டு கடிதம் வந்தது. இரண்டும் அவர் பெயருக்கே. ஒன்று, பதினாலாவது பதிவேட்டை உரிய நேரத்தில் ஒப்படைக்கத் தவறியதற்கு விளக்கம் கேட்டது. மற்றொன்று விசாரணை அறிக்கை. அதன் கடைசி வரி இது: "படிக்கட்டு உறுதியாக உள்ளது. சம்பவத்துக்குக் காரணம் பொறுப்பாளரின் கவனக்குறைவு."

நாத்தனார் அதைச் சத்தம் போட்டுப் படித்தாள். அவள் பஸ் கண்டக்டர். மெதுவாகப் படிக்க அவளுக்கு வராது. "குதிரை கீழ தள்ளினது பத்தாதுன்னு குழியும் பறிக்குது பாருங்க அண்ணி. எங்க அண்ணனா கவனக்குறைவு? ரெண்டு வருஷமா தினம் கோடு போட்ட மனுஷனா?"

தையலக்கா காகிதத்தை வாங்கி, அந்தக் கடைசி வரியின் மேல் விரலை வைத்தாள். அவளுக்கு அவர்களிடமிருந்து ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அந்த வரியை அடித்துவிட வேண்டும். அதைக் கேட்கத்தான் மறுநாள் இயக்ககத்துக்குப் போனாள்.

எழுத்தர் அவளை உட்காரச் சொன்னார். துக்கம் விசாரித்தார். பிறகு, "மேல்முறையீடு செய்யலாம்மா. ஆனா பாதிக்கப்பட்டவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்" என்றார்.

"அவர் செத்துப் போயிட்டார். நீங்க அங்கதான் இருந்தீங்க."

"அது எங்களுக்கும் மனசு கஷ்டம்தான். அவர் வர முடியாதுன்னா, வர முடியாததுக்குக் காரணத்தை அவரே எழுதிக் குடுத்தாப் போதும்."

அவளை இயக்குநரிடம் அனுப்பினார்கள். இயக்குநர் அறையில் கம்பளமும், கம்பளத்தில் அழுக்குப் படாமலிருக்க இன்னொரு கம்பளமும் விரித்திருந்தது. அவர் அறிக்கையை வாங்கிக் கடைசி வரியைப் படித்துவிட்டு, மிகுந்த அன்போடு பேசினார்.

"ஒரு வரிதானேம்மா. இதுக்குப் போய் இவ்வளவு தூரம் வரலாமா? நீங்களே யோசிச்சுப் பாருங்க. படி சரியில்லைன்னு நாங்க எழுதினா, அதை ஏன் சரி பண்ணலைன்னு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு எங்ககிட்ட படிவம் இல்லை. கவனக்குறைவுன்னு எழுதினா கேள்வியே வராது. உங்க வீட்டுக்காரர் எவ்வளவு பெருந்தன்மையானவர். உயிரோட இருந்திருந்தா அவரே ஒத்துக்கிட்டிருப்பார்."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணியைப் பார்க்கிற பார்வை அது. எங்கே மடித்தால் எங்கே பிரியும் என்று பார்க்கிற பார்வை.

இயக்குநருக்கு அந்தப் பார்வை சம்மதமாகப் பட்டது. கூடத்துக்குச் சாவிக்காரர் பெயரையே வைத்து, படத்தையும் திறந்து, ஒரு விழா எடுத்துவிடலாம் என்றார். வேறு ஆள் கிடைக்கும்வரை அவளே கூடத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவள், "சரிங்க சார்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "சரின்னுட்டு வந்தீங்களா? நானா இருந்தா அந்த ஆளைக் கம்பளத்தோட சுருட்டி விட்டிருப்பேன். உங்களுக்கு ரோஷமே கிடையாதா அண்ணி?"

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. முதல்ல அளவு எடுப்போம். வெட்டறதை அப்புறம் பாத்துக்கலாம்."

முதல் வேலையாக எட்டு மெஷினையும் கீழே இறக்கச் செய்தாள். பட்டறைக்காரரும் நாலு பேரும் ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். வகுப்பு கீழ்த்தளத்துக்கு வந்தது. அதன்பின் அந்தப் படியில் தெருக்காரர் யாரும் ஏற வேண்டியிருக்கவில்லை. பிறகு இயக்ககம் இத்தனை வருஷமாக அனுப்பிய சுற்றறிக்கைகளையெல்லாம் எடுத்து உட்கார்ந்தாள். நூற்று ஐம்பத்தேழு. சாவிக்காரர் ஒன்றுவிடாமல் தேதிவாரியாக நூலில் கோத்து வைத்திருந்தார். அவற்றை எழுதியவர்கள்கூடப் படித்ததில்லை. அவள் ஒரு மாதம், தினமும் மதியம், சாப்பிட்ட கையோடு படித்தாள்.

நாற்பத்தொன்றாவது சுற்றறிக்கையில் அவள் விரல் நின்றது. "நடமாட்டப் பதிவேடு" என்று தலைப்பு. கூடத்துக்கு வருகிற எவரும், அதிகாரியாகவே இருந்தாலும், கட்டடத்தின் எந்தப் பகுதிக்குப் போனார், எந்தப் பகுதிக்குப் போகவில்லை, ஏன் போகவில்லை என்பதைத் தம் கைப்பட எழுத வேண்டும். எந்தக் கட்டமும் வெறுமையாக இருக்கக் கூடாது. ஒன்பதாம் பிரிவு இன்னும் அழகு. அதிகாரிகள் தனியே அறிக்கை எழுதும் சிரமத்தைத் தவிர்க்க, இந்தப் பதிவேட்டில் அவர்கள் கடைசியாக எழுதும் குறிப்பே அந்தக் கட்டடம் பற்றிய இறுதி அறிக்கை. அதற்கு முந்தைய அறிக்கைகள் தாமே ரத்தாகும். கீழே இயக்குநரின் கையெழுத்து. பதினோராம் பிரிவையும் அவள் இரண்டு முறை படித்தாள். அதைப் பற்றி அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

விழா அழைப்பிதழை இயக்ககத்தின் மாதிரிப்படியே அச்சடித்தாள். ஒரு மாற்றமும் இல்லை. இடம் என்ற வரியில் மட்டும், "மேல் மாடி" என்று போட்டாள். இயக்ககத்தில் அழைப்பிதழில் தங்கள் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் பார்க்கும் வழக்கம் இல்லை.

விழா நாளில் பதினேழு அதிகாரிகள் ஆறு காரில் வந்து இறங்கினார்கள். கீழே முற்றத்தில் தெருவே கூடி நின்றது. மேலே திரை போட்ட படம், பூங்கொத்து, நாற்காலி, மைக். மைக்கைப் பிடித்துக்கொண்டு நாத்தனார். இரண்டு பேரும் எட்டிலிருந்து பத்துக்குத் தாவி, எல்லாவற்றையும் காலையிலேயே மேலே சேர்த்திருந்தார்கள். அன்று ஒன்பதாம் படியில் நீலக் குறி இல்லை. அறிக்கையே உறுதியாக இருக்கிறது என்று சொன்ன படிக்கு அடையாளம் எதற்கு?

இயக்குநர் படிக்கட்டின் அடியில் வந்து நின்றார். மேலே பார்த்தார்.

"கீழேயே வச்சிருக்கலாமேம்மா?"

"மேலதான் சார் அவர் உழைச்ச இடம். ஏறுங்க சார்."

இயக்ககத்தில் எந்தக் கதவிலும் இயக்குநர்தான் முதலில் நுழைவார். அவருக்கு முன்னால் நுழைந்த ஓர் உதவியாளர் இன்னும் ஏதோ மூலையில் தண்டனைப் பணியில் இருக்கிறார். அன்று இயக்குநருக்கு முதல்முறையாகப் பணிவு வந்தது. பொறியாளரைப் பார்த்து, "நீங்க முன்னாடி போங்க" என்றார்.

"ஐயோ, சார் இருக்கும்போது நானா?"

"பரவாயில்லை, நீங்கதான் தொழில் தெரிஞ்சவர்."

"தெரிஞ்சதனாலதான் சார்..." என்று தொடங்கிய பொறியாளர் வாயை மூடிக்கொண்டு எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தன் செருப்பைப் பார்த்தார். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று பதினேழு எலிகளும் ஒன்றையொன்று உபசரித்துக்கொண்டு நின்றன.

மேலேயிருந்து மைக் கரகரத்தது. "ஏறுறவங்க ஏறுங்க! மேல எடம் காலியா இருக்கு! படிகிட்ட கூட்டம் போடாதீங்க, வழி விடுங்க! டைம் ஆச்சு!"

முற்றம் சிரித்தது. ஒரு கிழவர், "என்ன சார், டிக்கெட் எடுக்கலையா?" என்றார்.

இயக்குநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே, மைக் இல்லாமல் உரையாற்றினார். "பெரியோர்களே! இந்தப் படிக்கட்டு உறுதியானது. அதில் எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆனால், உறுதியான ஒன்றின் மீது ஏறித்தான் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் நிர்வாகத்தில் கிடையாது. நாங்கள் நூற்றுக்கணக்கான கட்டடங்களைப் பராமரிக்கிறோம். ஒன்றிலாவது நான் ஏறியிருக்கிறேனா? இல்லை! தூரத்திலிருந்து நம்புவதற்குப் பெயர்தான் நிர்வாகம்!"

எழுத்தர் மட்டும் கைதட்டினார். பழக்கதோஷம்.

படம் திறக்கப்படாமலேயே விழா முடிந்தது. அவசரமாகக் காருக்குத் திரும்பியவர்களின் எதிரே, வாசலை அடைத்து ஒரு மேசை. அதற்குப் பின்னால் தையலக்கா. மேசை மேல் நடமாட்டப் பதிவேடு, கோடு போட்டு, பேனா வைத்து.

"எழுதிட்டுப் போங்க சார். நாற்பத்தொண்ணாவது சுற்றறிக்கை."

பதிவேட்டைத் தாண்டிப் போக இயக்ககத்துக்காரர்களுக்குக் கால் வராது. வெறுமையான கட்டத்தைப் பார்த்தால் அவர்களுக்குக் கை தானாக நீளும். இயக்குநர் பேனாவை எடுத்து, "மேல் மாடிக்குச் செல்லாததற்குக் காரணம்" என்ற கட்டத்தில், "நேரமின்மை" என்று எழுதப் போனார்.

"ஆறாம் பிரிவு சார். நேரமின்மை, முழங்கால் வலி, தலைசுற்றல் மூணும் காரணமா ஏத்துக்கப்படாது. நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

இயக்குநர் எழுத்தரைப் பார்த்தார். "ஆமா சார்" என்றார் எழுத்தர், அழுகிற குரலில். "கீழ இருக்கற அதிகாரிங்க சாக்குச் சொல்றாங்கன்னு போட்டோம் சார்."

"அப்ப ஏறினேன்னு எழுதிடறேன்."

"பொய்ப் பதிவுக்கு வேலை போயிடும் சார். ஏழாம் பிரிவு. அதோட முந்நூறு பேர் பாத்துட்டிருக்காங்க சார்" என்றார் எழுத்தர்.

"வெறுமையா விட்டா?"

அப்படி ஒரு கெட்ட வார்த்தையை இயக்குநர் வாயிலிருந்து எழுத்தர் எதிர்பார்க்கவில்லை. காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

வெயில் ஏறியது. தெரு நகரவில்லை. பட்டறைக்காரர் வாசற்கதவில் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நின்றார். கடைசியில் இயக்குநர் பேனாவைப் பொறியாளரிடம் நீட்டினார். "படி உங்க பிரிவு. நீங்க எழுதுங்க." பொறியாளரின் எழுத்து மணிமணியாக இருந்தது. "கீழிருந்து ஒன்பதாம் படி பழுதுற்று ஆடுவதால், உயிருக்கு அஞ்சி ஏறவில்லை." கையெழுத்து, பதவி, தேதி. இயக்குநர் நிம்மதியாக அதற்குக் கீழே "மேற்படி" என்று எழுதினார். எழுத்தரும் "மேற்படி" என்று எழுதினார். வரிசையாக மீதிப் பதினாலு பேரும் எழுதினார்கள். எழுதி முடித்ததும் எழுத்தர், யாரும் கேட்காமலேயே, பையிலிருந்து இயக்ககத்தின் முத்திரையை எடுத்து ஊதி, பக்கத்தின் அடியில் ஓங்கிக் குத்தினார். கை அவரைக் கேட்டுச் செய்யவில்லை.

தையலக்கா மை காயும்வரை காத்திருந்தாள்.

இரண்டு மாதத்தில், விதிப்படி, முந்தைய அறிக்கை ரத்தானது. கவனக்குறைவு என்ற வரியைச் சிவப்பு மையில் அடித்து, புதிய வரி எழுதிய நகலை அவள் வீட்டுக்கு அனுப்பினார்கள். "சம்பவத்துக்குக் காரணம், தெரிந்தும் சரிசெய்யப்படாத ஒன்பதாம் படி." நாத்தனார் அதைச் சத்தம் போட்டுப் படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, காகிதத்தை அண்ணியிடம் கொடுத்துவிட்டாள்.

"இனி அந்தப் பதினோராம் பிரிவு" என்றாள் தையலக்கா.

ஒரு பழுதை எழுத்தில் ஒப்புக்கொண்ட அதிகாரி, அது நீங்கும்வரை வாரம் ஒருமுறை நேரில் வந்து, பழுதான இடத்தைத் தாமே மிதித்துப் பார்த்து, நிலைமையை எழுதிக் கையொப்பமிட வேண்டும். யாரும் எந்தப் பழுதையும் எழுதிவிடாமல் இருப்பதற்காகவே அதைச் சேர்த்திருந்தார்கள். இத்தனை வருஷம் யாரும் எழுதவும் இல்லை. இப்போது பதினேழு பேர் எழுதியிருந்தார்கள்.

பட்டறைக்காரர் ஒருநாள் மெஷினைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். "இப்ப ஒரு பொட்டு வச்சிடவாக்கா? அஞ்சு நிமிஷம்."

"வேண்டாம் தம்பி. அனுமதியில்லாம நன்மை செய்யக் கூடாது. அண்ணனுக்கே கடுதாசி போட்டிருக்காங்க."

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆறு கார் வரும். நடமாட்டப் பதிவேடு மேல் மாடியில் இருக்கும். வெள்ளம் வந்தால் நனையக் கூடாது அல்லவா? அன்று மட்டும் அவள் மேலே உட்கார்ந்து, கையில் ஏதாவது தைத்துக்கொண்டிருப்பாள். பதினேழு பேரும் சுவரை ஒட்டிக்கொண்டு, பல்லி மாதிரி ஒருவர் பின் ஒருவராக ஏறி வருவார்கள்.

போன திங்கட்கிழமை இயக்குநர் ஐந்தாம் படியிலேயே நின்றுவிட்டார். முன்னால் போன பொறியாளர் மேலே போய்ச் சேர்ந்துவிட்டார். இயக்குநர் அண்ணாந்து, "அம்மா, ஒரு கோடு... சாக்ல சின்னதா ஒரு அடையாளம் போட்டு வைக்கக் கூடாதா?" என்றார்.

"எழுதிக் குடுங்க சார். பரிசீலிக்கிறேன்."

"எண்ணிக்கை தப்பிடுதும்மா. எதுல இருந்து ஒன்பது? கீழேருந்தா, மேலேருந்தா?"

"அதுக்கு உங்க குழு இன்னும் கூடலையே சார்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஊசிப்பெட்டியின் மூலையில் பாதி நீல சாக் இருந்தது. கீழே இயக்குநர் சத்தமாக எண்ணத் தொடங்கினார். ஆறு. ஏழு. எட்டு. பிறகு சத்தம் இல்லை; இரும்பு மட்டும் ஒருமுறை முனகியது.

ஒன்பதாம் படி இன்னும் ஆடுகிறது.